எழுதி வாங்காத சலுகை

2018 ஜூலையில் ஏற்றினார்கள். 2019 நவம்பரில் நிறுத்தினார்கள். 2022 ஏப்ரலில் மறுபடி ஏற்றினார்கள். தாம்பரத்திலோ பல்லாவரத்திலோ செம்பாக்கத்திலோ சொந்த வீடு வைத்திருப்பவர் தன் சொத்து வரி ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் இந்த மூன்று திருப்பங்களும் பளிச்சென்று தெரியும்.

முதல் திருப்பத்தில் குடியிருப்புகளுக்கு 50 சதவீதம் வரையிலும் கடை, தொழில் கட்டடங்களுக்கு 100 சதவீதம் வரையிலும் வரி கூடியது. ஏறக்குறைய பதினாறு மாதம் கழித்து அதே அரசு அந்த உயர்வை நிறுத்திவைத்தது. 2018 ஏப்ரலுக்கு முன்பு கட்டிய பழைய வரியைக் கட்டினால் போதும், கூடுதலாகக் கட்டியிருந்தால் வரும் அரையாண்டுகளில் கழித்துக்கொள்ளலாம், நிதித்துறைச் செயலாளர் தலைமையில் ஒரு குழு ஆராயும் என்றெல்லாம் அரசாணை வந்தது. மக்களுக்கு நிம்மதிதான். அடுத்த மாதமே ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஆட்சி மாறியது. 2022 மார்ச் கடைசியில் புதிய அரசின் உத்தரவு வந்தது. சென்னை தவிர்த்த மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம் உயர்வு. வணிகக் கட்டடத்துக்கு 100, தொழிற்சாலைக்கும் தனியார் கல்வி நிலையத்துக்கும் 75. அப்போது தாம்பரம் மாநகராட்சிக்கு வயது ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

ஏற்றியபோது கேட்கவில்லை, சரி. குறைத்தபோதாவது கேட்டார்களா? 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தனி அலுவலர்கள்தான் எல்லாம். ஆகவே 2018இன் உயர்வும் 2019இன் சலுகையும் கோட்டையில் முடிவாகி, அரசாணையாக இறங்கி வந்தவை. வந்த வழியே திரும்பிப் போகவும் முடியும். போயிற்று.

இந்த இடத்தில்தான் கோர்ட் வருகிறது. அரசு தந்த வரிச் சலுகையை அரசே எடுத்துக்கொண்டால் நீதிமன்றம் தட்டிக்கேட்குமா? ஒருவருக்குச் சலுகை, பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லை என்றால் கேட்குமா? தாம்பரத்தின் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டங்களில் சொத்து வரிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் “ஹைகோர்ட்டில் ஒரு ரிட் போட்டால் ஸ்டே கிடைச்சிடும் சார்” என்று சொல்லாமல் இருப்பதில்லை. கிடைக்குமா கிடைக்காதா என்பதை முன்கூட்டியே ஓரளவுக்குச் சொல்ல முடியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தொகை அல்ல, வழி

அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் அரசின் எந்த முடிவையும் சீராய்வு செய்யலாம். ஆனால் சீராய்வு வேறு, மேல்முறையீடு வேறு. 1994இல் டாட்டா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக வகுத்தது. தீர்ப்பை எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த எஸ். மோகன். முடிவு நல்லதா கெட்டதா என்று நீதிமன்றம் பார்ப்பதில்லை. அந்த முடிவுக்கு வந்த வழி சட்டப்படியானதா, நியாயமானதா, எந்த அறிவுள்ளவரும் எடுக்க மாட்டாத முடிவா என்பதைத்தான் பார்க்கும்.

வரி விஷயத்தில் இதன் பொருள் கறாரானது. 50 சதவீதம் அதிகம், 30 போதும் என்று ஒரு நீதிபதி சொல்ல மாட்டார். வரி போடச் சட்டத்தில் அதிகாரம் இருந்ததா, யார் போட வேண்டுமோ அவர் போட்டாரா, முன்னறிவிப்பு வந்ததா, ஆட்சேபம் கேட்டார்களா, கேட்டதைப் பரிசீலித்தார்களா, எந்தத் தேதியிலிருந்து அமலாகிறது என்று கேட்பார். சட்டத்தின் அதிகாரமின்றி வரி இல்லை என்பது அரசமைப்பின் 265ஆம் பிரிவு. அதுதான் வரி கட்டுபவரின் முதல் அரண்.

தாம்பரத்துக்காரர்களின் மிக நியாயமான கோபம் இந்த அரணுக்கு வெளியே நிற்பதுதான் துயரம். பாதாளச் சாக்கடை இன்னும் வந்துசேராத தெருவில் வீட்டுக்காரர் செப்டிக் டேங்க் லாரிக்குத் தனியாகப் பணம் கொடுக்கிறார். கோடையில் தண்ணீர் லாரிக்கு இன்னொரு பணம். குடிக்கக் கேன் தண்ணீர். மழைக்காலத்தில் முடிச்சூர்ச் சாலையில் தண்ணீர் ஏறினால் மேல்மாடியில் சமையல். இத்தனைக்கும் மேல் வரி எதற்கு என்று அவர் கேட்பதில் என்ன தவறு? தவறே இல்லை. ஆனால் கோர்ட்டில் அந்த வாதம் நிற்பதில்லை. 1954இல் உடுப்பி சிரூர் மடத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் வரிக்கும் கட்டணத்துக்கும் நடுவே ஒரு கோடு கிழித்தது. சேவைக்கு ஈடாக வாங்குவது கட்டணம். வரிக்கு அப்படி நேர் ஈடு காட்டத் தேவையில்லை, அது பொதுச் செலவுக்கான பணம். அந்த வழக்கே அன்றைய மதராஸ் மாநிலத்தின் அறநிலையச் சட்டத்தைப் பற்றியது. எழுபது ஆண்டுகள் கழித்தும் ‘சாக்கடை இல்லை, ஆகவே வரி கட்ட மாட்டேன்’ என்ற மனுவை அந்தக் கோடு தடுத்து நிறுத்துகிறது. குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம் என்றால் கதை வேறு. இணைப்பே தராமல் அவற்றை வசூலித்தால் கேட்க இடமுண்டு.

டிசம்பர் 2022

2022 உயர்வை எதிர்த்துச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்த மனுக்களை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி அனிதா சுமந்த் விசாரித்து டிசம்பர் கடைசியில் தீர்ப்பளித்தார். உயர்வு செல்லும் என்றார். அதே சமயம், முன்தேதியிட்டு 2022-23ஆம் ஆண்டுக்கே வசூலிப்பதை ஏற்கவில்லை. 2023-24இன் முதல் அரையாண்டிலிருந்துதான் அமலாக வேண்டும் என்றார்.

இதைத் தோல்வி என்று எழுதியவர்களும் உண்டு, வெற்றி என்று எழுதியவர்களும் உண்டு. எனக்கு அந்தத் தீர்ப்பு சீராய்வின் எல்லையைக் காட்டும் நல்ல வரைபடமாகத் தெரிகிறது. எவ்வளவு என்பதில் கை வைக்கவில்லை. எப்போதிருந்து என்பதில் வைத்தது. இரண்டு அரையாண்டு உயர்வுத் தொகை ஒரு குடும்பத்துக்குச் சிறிய விஷயமல்ல. வழக்கு சென்னை, கோவை மாநகராட்சிகளைப் பற்றியது என்பதால் தாம்பரத்துக்காரர் அதை அப்படியே தன் ரசீதில் ஒட்டிக்கொள்ள முடியாது. ஆனால் மனுவில் எந்தப் பத்தி எடுபடும், எது எடுபடாது என்பதற்கு இதைவிடக் கிட்டத்து உதாரணம் இல்லை.

சதுர அடிப் படிநிலை ஏன் தாக்குப்பிடிக்கிறது என்றும் பார்க்க வேண்டும். சேலையூரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் பழைய அரையாண்டு வரி 1,000 ரூபாய். ஒன்று 1,200 சதுர அடி, மற்றது 1,201. முதல் வீட்டுக்குப் புதிய வரி 1,500. இரண்டாவதற்கு 1,750. ஒரு சதுர அடிக்கு ஆறு மாதத்துக்கு 250 ரூபாய்! கண்ணுக்கு அநியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் எங்கே கோடு கிழித்தாலும் கோட்டுக்கு இரு பக்கமும் ஆள் இருப்பார்கள் என்பது நீதிமன்றங்களின் பழைய பதில். பொருளாதாரச் சட்டங்களில் அரசுக்குக் கூடுதல் சுதந்திரம் உண்டு என்று 1981இல் ஆர்.கே. கார்க் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. கேரளத்தில் ஒரு காலத்தில் கட்டட வரியைத் தரைப் பரப்பை மட்டும் வைத்துப் போட்டார்கள். நகரின் நடுவில் இருக்கும் கடைக்கும் ஒதுக்குப்புறத்துக் கிட்டங்கிக்கும் ஒரே கணக்கு. குட்டி நஹா வழக்கில் 1968இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சமமில்லாதவற்றைச் சமமாக நடத்துவதும் சமத்துவம் பேசும் அரசமைப்பின் 14ஆம் பிரிவுக்கு எதிரானதுதான் என்றது. நம்முடைய 2022 படிநிலை அதிலிருந்து தப்பியதற்குக் காரணம், அது பரப்பை மட்டும் வைத்து வரி போடவில்லை. தெரு, கட்டடம், பயன்பாடு எல்லாம் பார்த்து ஏற்கெனவே போட்டிருந்த வரியின் மேல் சதவீதம் ஏற்றியது.

பத்து ஊரின் பழைய கணக்கு

ஆனால் தாம்பரத்தில் வேறொரு முடிச்சு இருக்கிறது, அதை யாரும் உரக்கப் பேசுவதில்லை. இந்த மாநகராட்சி ஐந்து நகராட்சிகளையும் (தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம்) ஐந்து பேரூராட்சிகளையும் (சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை) சேர்த்து 2021 நவம்பரில் உருவானது. பத்து அமைப்புகளும் தத்தம் மன்றத்தில், தத்தம் காலத்தில், தெருக்களைத் தரம் பிரித்து அடிப்படை மதிப்பு நிர்ணயித்தவை. பேரூராட்சியில் குறைவு, நகராட்சியில் கூடுதல். அந்தப் பழைய வரியின் மேல் சதவீதம் ஏற்றினால் பழைய ஏற்றத்தாழ்வும் அதே சதவீதத்தில் வளரும். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து மாடம்பாக்கம் போகும் வழியில் ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று பஸ்ஸில் போகிறவருக்குத் தெரியாது. வரிப் புத்தகத்துக்குத் தெரியும். எல்லையைத் தாண்டினால் ஊராட்சிகள். அங்கே 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் வீட்டு வரி, அது வேறு கணக்கு. பல்லாவரத்திலோ பரங்கிமலை–பல்லாவரம் கன்டோன்மென்ட் போர்டின் எல்லைக்குள் வீடு இருந்தால் தமிழ்நாட்டு நகராட்சிச் சட்டமே பொருந்தாது, 2006ஆம் ஆண்டின் மத்தியக் கன்டோன்மென்ட் சட்டம்தான்.

ஒரே மாதிரி வீட்டுக்கு வெவ்வேறு வரி என்பதை நீதிமன்றம் சரி செய்யுமா? இதைக் கலிபோர்னியாக்காரர்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய்ப் பார்த்தார்கள். 1978இல் அங்கே மக்கள் வாக்கெடுப்பில் ‘ப்ரொபசிஷன் 13’ நிறைவேறியது. வீட்டு மதிப்பை 1975இன் நிலைக்கு இறக்கி, வரியை அதில் ஒரு சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தி, வீடு கை மாறும் வரை மதிப்பு வருடத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது என்றது. உலகத்திலேயே பெரிய சொத்து வரிச் சலுகைகளில் ஒன்று. பழைய வீட்டுக்காரர்களுக்கு யோகம். புதிதாக வாங்கியவர்களுக்கு? லாஸ் ஏஞ்சலஸில் 1988இல் வீடு வாங்கிய ஒரு பெண்மணி, அதே மாதிரி வீட்டில் பல காலமாக இருக்கும் அண்டை வீட்டாரைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு வரி கட்ட வேண்டியிருந்தது. வழக்குப் போட்டார். 1992இல் நார்ட்லிங்கர் எதிர் ஹான் வழக்கில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றார். அக்கம்பக்கம் நிலையாக இருப்பதும், வீட்டுக்காரர் பழைய வரியை நம்பி வாழ்ந்திருப்பதும் சலுகைக்குப் போதிய காரணம் என்றது நீதிமன்றம்.

அங்கேயும் இங்கேயும் செய்தி ஒன்றுதான்: ஏற்றத்தாழ்வை ஒழிக்க நீதிபதியை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. தாம்பரம் மன்றத்தில் 70 வார்டு கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். பத்து ஊரின் அடிப்படை மதிப்புகளையும் ஒரே அட்டவணையில் வெளியிட்டு, எந்தத் தெருவுக்கு ஏன் இந்த மதிப்பு என்று விளக்கி, அதன் மேல் ஆட்சேபம் கேட்கச் சொல்ல அவர்களால் முடியும்.

வாக்கு மாறினால்

சலுகையை நம்பினேன், அரசு வாக்கு மாறியது என்று வழக்குப் போடலாமா? போட்டு ஜெயித்தவர்கள் உண்டு. 1968இல் உத்தரப் பிரதேச அரசு புதிய ஆலைகளுக்கு மூன்று வருட விற்பனை வரி விலக்கு என்று அறிவித்தது. அதை நம்பி கான்பூரில் ஒரு நிறுவனம் வனஸ்பதி ஆலை போட்டது. பிறகு அரசு பின்வாங்கியது. மோதிலால் பதம்பத் சர்க்கரை ஆலை வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிக்கும் அந்த வழக்கில் 1978 டிசம்பரில் நீதிபதி பி.என். பகவதி, அரசும் கொடுத்த வாக்குக்குக் கட்டுப்பட்டதே என்று தீர்ப்பெழுதினார்.

அந்த வெளிச்சம் நெடுநாள் அதே பிரகாசத்தில் இருக்கவில்லை. 1994இல் கசின்கா டிரேடிங் வழக்கு. 1981 மார்ச் வரை இருக்கும் என்று தேதியே போட்டுத் தந்த சுங்க விலக்கை மத்திய அரசு முன்கூட்டியே ரத்து செய்தது. பொது நலன் கருதி அப்படிச் செய்யலாம் என்றது உச்ச நீதிமன்றம். 2018 ஜூலையில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, திலீப்குமார் வழக்கில் இன்னும் கறாராகப் பேசியது. வரி விதிக்கும் சட்டத்தில் சந்தேகம் வந்தால் வரி கட்டுபவருக்குச் சாதகம். வரி விலக்கு அறிவிப்பில் சந்தேகம் வந்தால் அரசுக்குச் சாதகம். விலக்கு கேட்பவர்தான் தனக்கு அது பொருந்தும் என்று நிரூபிக்க வேண்டும்.

இந்தத் தீர்ப்புகளின் வெளிச்சத்தில் நம் 2019 அரசாணையைப் படித்துப் பாருங்கள். அது வரியை ரத்து செய்யவில்லை, உயர்வை நிறுத்திவைத்தது. எத்தனை வருடம் என்று சொல்லவில்லை. குழு ஆராயும் என்றது. யாரும் அதை நம்பி ஆலை போடவில்லை. கூடுதலாகக் கட்டிய பணத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்ற ஒரு வரி மட்டும்தான் கெட்டியான உரிமை, ஏனென்றால் அதில் கட்டிய ரசீதும் தொகையும் தேதியும் இருக்கின்றன. யாருக்காவது அந்தக் கழிவு கணக்கில் ஏறாமல் விட்டிருந்தால் அது இன்றைக்கும் எழுத்தில் கேட்கத் தக்க விஷயம். மற்றபடி அந்தச் சலுகை எழுதி வாங்காத சலுகை.

மும்பையில் 2022 ஜனவரி முதல் 500 சதுர அடி வரையுள்ள குடியிருப்புகளுக்குச் சொத்து வரியே இல்லை. ஒரு படுக்கையறை வீட்டில் வாழும் குடும்பத்துக்கு அது பெரிய ஆறுதல். அதையே தாம்பரத்திலும் கேட்கலாம், கேட்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் கேட்கிறபோது அரசாணையாகக் கேட்காமல் சட்ட விதியாகக் கேட்க வேண்டும்.

விதியில் இருப்பதற்கும் அறிவிப்பில் இருப்பதற்கும் என்ன வித்தியாசம் என்பதை 2020இல் ரஜினிகாந்த் வழக்கு காட்டியது. கொரோனா ஊரடங்கில் அவருடைய கோடம்பாக்கம் ராகவேந்திரா கல்யாண மண்டபம் பூட்டிக் கிடந்தது. அரையாண்டுச் சொத்து வரி ஆறரை லட்சம் ரூபாய். 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டத்தில் 105ஆவது பிரிவு, கட்டடம் முப்பது நாளுக்கு மேல் காலியாகக் கிடந்தால் வரியில் ஒரு பகுதியைக் குறைக்க இடம் தந்தது. அதைத்தான் அவர் கேட்டார். செப்டம்பர் 23 அன்று மாநகராட்சிக்கு மனு அனுப்பினார். பதில் வருவதற்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதி அனிதா சுமந்த்தான் அந்த வழக்கையும் விசாரித்தார். மாநகராட்சிக்கு அவகாசமே தராமல் இங்கே ஓடி வந்ததற்கு அபராதம் விதிக்க நேரும் என்று எச்சரித்தார். மனு வாபஸ். மறுநாள் ரஜினி வரியைக் கட்டிவிட்டு, முதலில் மாநகராட்சியிலேயே முறையிட்டிருக்க வேண்டும், அனுபவமே பாடம் என்று ட்விட்டரில் எழுதினார்.

அந்தச் சம்பவத்தை எல்லோரும் ஒரு நட்சத்திரம் கோர்ட்டில் வாங்கிக்கட்டிக்கொண்ட செய்தியாகவே படித்தார்கள். விஷயம் அதற்கு அடியில் இருந்தது. சட்டத்தில் ஒரு சலுகை இருந்தது. அதைக் கேட்க ஒரு முறையும் இருந்தது. மாநகராட்சி பதிலே தராமல் இருந்தாலோ, காரணமின்றி நிராகரித்திருந்தாலோ, அதே நீதிமன்றம் கதவைத் திறந்திருக்கும். மாற்று வழி இருக்கும்போது ரிட் கூடாது என்பது பொது விதி. இயற்கை நீதி மீறல், அடிப்படை உரிமை மீறல், அதிகாரமில்லாத உத்தரவு, சட்டமே செல்லாது என்ற வாதம் ஆகிய நான்கும் அதற்கு விலக்கு என்று 1998இல் வேர்ல்பூல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்திருக்கிறது. ஒரு தாம்பரத்து வீட்டுக்காரரின் வழக்கு பெரும்பாலும் முதலாவதில்தான் நிற்கும்: என்னிடம் கேட்காமல் முடிவெடுத்தார்கள்.

கட்டாதவர்கள்

வீட்டுக்காரர் கட்டும் வரியைப் பற்றிப் பேசும்போது கட்ட வேண்டாதவர்களையும் பேச வேண்டும். அரசமைப்பின் 285ஆம் பிரிவு மத்திய அரசின் சொத்துக்கு மாநிலமும் உள்ளாட்சியும் வரி போடுவதைத் தடுக்கிறது. தாம்பரம் வட்டாரத்தில் விமானப்படைத் தளமும் ரயில்வே நிலமும் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கின்றன என்று தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். அந்த வளாகங்களைச் சுற்றிச் சாலை போடுவதும் குப்பை அள்ளுவதும் உள்ளாட்சிதான். ராஜ்கோட் மாநகராட்சி தொடுத்த வழக்கில் 2009இல் இதற்கு ஒரு வழி பிறந்தது. வரி என்ற பெயரில் வாங்க முடியாவிட்டாலும் சேவைக் கட்டணம் வாங்கலாம். எல்லாச் சேவையும் பெறும் மத்திய அரசு வளாகம் சொத்து வரியில் 75 சதவீதத்துக்கு ஈடான தொகை, பகுதி பெற்றால் 50, எதுவும் பெறாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு என்று உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது. தங்கள் ஊரில் இந்தச் சேவைக் கட்டணம் எவ்வளவு கேட்கப்பட்டது, எவ்வளவு வந்தது என்று ஒவ்வொரு வரவுசெலவுக் கூட்டத்திலும் கவுன்சிலர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. அந்தப் பணம் வராவிட்டால் பாரம் வேறு யார் தலையில் ஏறும்?

வரியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை சீராய்வு என்று சட்டம் சொன்னது. சென்னையில் 1998க்குப் பிறகும் மற்ற ஊர்களில் 2008க்குப் பிறகும் அது முறையாக நடக்கவில்லை. அப்படி விட்டதே ஒரு வகைச் சலுகை, யாரும் அறிவிக்காத சலுகை. வருடம் 6 சதவீதம் என்று ஏற்றியிருந்தால் 2008இலிருந்து 2022க்குள் வரி இரண்டேகால் மடங்காகியிருக்கும். 2022இல் பெரிய வீடுகளுக்கு ஏற்றியதே இரண்டு மடங்குதான். ஆக, தொகையைவிட வலி கொடுத்தது ஒரே மூச்சில் ஏற்றியதுதான். ஓய்வூதியத்தில் வாழும் தம்பதிக்கு வருடா வருடம் அறுபது ரூபாய் கூடுவதைத் தாங்க முடியும். ஒரே வருடத்தில் ஆயிரம் கூடினால் தாங்காது.

அரசு இப்படி ஏற்ற வேண்டிய நெருக்கடிக்கு இன்னொரு காரணமும் உண்டு. என்.கே. சிங் தலைமையிலான 15ஆவது நிதிக்குழு, உள்ளாட்சி மானியம் வேண்டுமென்றால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச மதிப்பை அறிவித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சியோடு வரியும் வளர்வதைக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அதனால் சலுகை தருவதென்றால் மாநில அரசு தன் கைப்பணத்தில் ஈடு செய்ய வேண்டிய நிலை.

1998இல் இயற்றி, 2000இல் நிறுத்திவைத்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில்தான் புதிய விதிகளுடன் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 6 சதவீதம் என்ற கணக்கும் அதன் பிறகு வந்தது. 2024 செப்டம்பர் இறுதியில் சென்னை மாநகராட்சி மன்றம் அந்த உயர்வுக்குத் தீர்மானம் போட்டது. புதிய விதிகளின்படி அரையாண்டு தொடங்கி முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் தள்ளுபடி. கவனியுங்கள், இந்தத் தள்ளுபடியை எந்த அமைச்சரும் மேடையில் அறிவிக்க வேண்டியதில்லை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் அது தானாகக் கிடைக்கிறது. ஒரு மண்டல அலுவலகத்தில் அதைத் தர மறுத்தால் மறுநாளே கேள்வி கேட்கலாம். விதவைக்கும், வெள்ளம் புகுந்த வீட்டுக்கும், ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருப்பவருக்கும், சிறு வீட்டுக்கும் சலுகை இந்த மாதிரித்தான் இருக்க வேண்டும்: யார் தகுதியுள்ளவர், எந்தத் தாளைக் காட்ட வேண்டும், எத்தனை நாளில் முடிவு, மறுத்தால் யாரிடம் முறையீடு என்று விதியில் இருக்க வேண்டும். விதித் திருத்தம் வரைவாக வெளிவரும்போது அதற்கு ஆட்சேபமும் யோசனையும் எழுதி அனுப்பலாம். நலச் சங்கங்கள் ஜி.எஸ்.டி. சாலையில் பேனர் பிடிப்பதோடு நிறுத்தாமல் அந்த வரைவுகளுக்குப் பத்தி பத்தியாகப் பதில் எழுத வேண்டும்.

தனி வீட்டுக்காரர் செய்ய வேண்டியது கையிலிருக்கும் கேட்பு அறிவிப்பை நிதானமாகப் படிப்பது. வரி விதிப்பு எண், தெரு, பயன்பாடு, பரப்பு, அரையாண்டு வரி, அதனுள்ளே நூலக வரி. நூலக வரி சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா, 1948ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டத்திலிருந்து வருவது. அதிகம் தகராறு எழுவது பரப்பில்தான். பில்டர் பத்திரத்திலும் விளம்பரத்திலும் மாடிப்படி, லிஃப்ட், வராண்டா பங்கைச் சேர்த்து ‘1,250 சதுர அடி’ என்று எழுதியிருப்பார். வரிக்கு எந்தப் பரப்பை, எப்படி அளந்தார்கள்? 1,200க்குக் கீழே வர வேண்டிய ஃப்ளாட் மேல் படிக்குப் போயிருந்தால் வித்தியாசம் முழுத் தொகையிலும் விழும். கீழ்த்தளத்தில் ஒரு தையல் மெஷின் வைத்திருப்பதற்காக வீடு முழுவதும் ‘வணிகம்’ என்று எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

தவறு இருந்தால் பில் கலெக்டரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை. அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள் எழுத்தில் சீராய்வு மனு கொடுக்க வேண்டும். அளவீட்டுத் தாளின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். தகராறில்லாத பகுதி வரியைக் கட்டிவிட்டு, மீதிக்கு மட்டும் ஆட்சேபம் என்று எழுதுவது கோர்ட்டில் நல்ல பெயர் வாங்கித் தரும், தாமத வட்டியும் குறையும். மனுவின் நகலில் அலுவலக முத்திரை, தேதி, கையெழுத்து மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு எப்போதாவது உயர் நீதிமன்றம் போக நேர்ந்தால், ‘டைப்டு செட்’ என்ற ஆவணத் தொகுப்பைத் தயாரிக்கும்போது வக்கீல் முதலில் தேடுவது அந்த முத்திரை விழுந்த தாளைத்தான்.